மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும்

பெயரை முழுதாக எழுதச் சோம்பல்பட்டவர்கள் விட்டுப்போன மீதி எழுத்துகளைத் தேடிக் கொடுப்பதுதான் என் தொழில். தேயிலை மலைகள் சூழ்ந்த கொட்டகலை பஸாரில் மருந்துக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில், ஒரு கம்பியூட்டரும் மூன்று நாற்காலியுமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் தோட்ட ஆபீஸில் கிளாக்கர். ஓர் அரசாங்கக் கந்தோரில் ஒரு பெயரும் அடுத்த கந்தோரில் அதில் பாதியுமாக அலைந்து நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என்னைத் திட்டுவதற்கு முன் கடைசி வரை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மீசை

அயர்லாந்திலிருந்து நோரா என்ற அம்மையார் ஈமெயில் அனுப்பினார். அவருடைய குடும்பத்து ஆள் ஒருவர் இந்தப் பக்கத் தோட்டத்தில் வாழ்ந்து இங்கேயே இறந்துபோனாராம். கல்லறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே அவர்கள் ஊர் மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் படங்களும் வந்தன. அதில் ஒருவருக்கும் முழுப் பெயர் கிடையாது. வில்லியத்துக்கு முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். தோமஸுக்கு நாலு எழுத்து. நான் தேட வேண்டிய ஆளுக்கு ஆங்கிலத்தில் ஜே, ஏ, எஸ், அப்புறம் ஒரு புள்ளி. யாரோ வெள்ளைக்காரத் துரைசானி என்று நானாகவே முடிவுகட்டி, 'ஜாஸ்மின் என்ற பெண்மணியைப் பற்றிய தகவல் எதுவும் கிடைக்கவில்லை' என்று பதில் போட்டேன்.

அந்த மூன்று எழுத்தை ஜேம்ஸ் என்று படிக்க வேண்டுமாம். பொறுமையாக விளக்கியிருந்தார். பெயர் பிடிபடாவிட்டால் பேரப்பிள்ளைகளின் பெயரைப் பார்க்க வேண்டும், எங்கள் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயரைத்தான் வைப்போம் என்றும் எழுதியிருந்தார். கடைசியாகப் பழைய படம் ஒன்று, அதற்குக் கீழே ஒரு வரி: "ஜாஸ்மினுக்கு மீசை இருந்ததைத் தயவுசெய்து கவனிக்கவும்."

துரை பழக்கிய கை

தேடிப் போனால், அந்த ஜேம்ஸ் நான் வேலை பார்த்த தோட்டத்திலேயே துரையாக இருந்தவர். கல்லறையும் கிடைத்தது, ஆபீஸ் அலுமாரியில் அவர் கையெழுத்திலேயே தொழிலாளர்களின் பழைய பேர்ப் புத்தகமும் கிடைத்தது. ஊரில் தன் பெயரையே மூன்று எழுத்தில் முடித்துக்கொண்ட குடும்பம் அது. கருப்பையாவுக்கும் முத்துக்கருப்பனுக்கும் மட்டும் மை செலவழிப்பாரா? எல்லோருக்கும் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, ஒரு புள்ளி. அவருக்குப் பின் வந்த கிளாக்கர்மாரும் அதே வழியில் போனார்கள். ஒளிப்பானேன், நானும் அப்படித்தான் எழுதினேன். இன்றைக்கு வந்து நிற்கிறவர்களில் சிலரை நிற்கவைத்தவன் நானேதான்.

ஒரு நாள் டிரைவர் ஒருவர் தன் தாத்தாவைத் தேடி வந்தார். பேர்ப் புத்தகத்தை நான் படம் எடுத்து வைத்திருந்ததில், மேல் லயத்து வரிசை வீடுகளின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கே, ஏ, ஆர், ஒரு புள்ளி என்று வரிசையாகப் பதினோரு 'கரு.' இருந்தது. இதில் உங்கள் தாத்தா யார் என்று கேட்டேன். அவர் விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை போய்வந்தார். "பதினோரு பேரும் நம்ம சொந்தக்காரங்கதாங்க. யாரையாவது ஒருத்தரப் போட்டு விடுங்க, சண்டைக்கு வரமாட்டாங்க."

லெட்சுமியம்மா

லெட்சுமியம்மா வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபதைத் தாண்டியவர், தேயிலை பறித்து ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி. அவருக்கு ஒரே ஓர் அண்ணன். அப்பா இறந்தபோது லெட்சுமியம்மா கைக்குழந்தை. பிறகு சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அண்ணன் அவர்களோடு போய்விட்டார், தாயும் மகளும் இங்கேயே தங்கிவிட்டார்கள். அண்ணன் நீலகிரியில் தேயிலை வேலைக்கே போனார். இப்போது பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் நின்றுபோய்ப் படுத்திருக்கிறார். உயிர் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் லெட்சுமியம்மாவின் ஆசை.

அதற்குப் பாஸ்போட் வேண்டும். பாஸ்போட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கரு.' என்றுதான் இருந்தது. முழுப் பெயரை அத்தாட்சியோடு கொண்டுவா என்று கந்தோரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா அப்பாவின் கல்யாணம் கோயிலோடு முடிந்ததால் அதற்கும் பதிவு இல்லை. அப்பாவை லயத்தில் எல்லோரும் கவ்வாத்துக்காரர் என்றுதான் சொல்வார்களாம், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியில் அவ்வளவு கெட்டிக்காரர். அம்மாவோ சாகும்வரை 'அவுக' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதிவேட்டில் அம்மாவின் கைநாட்டு இருந்தது. புருஷன் பெயரைக் கேட்டதும் அந்தம்மா தலையைக் குனிந்திருப்பார், எழுதியவர் பேர்ப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே இறக்கியிருப்பார்.

கருப்பனா, கருப்பையாவா, கருப்பண்ணனா, கருத்தமுத்தா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எதற்காவது அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டும் இருந்தேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எங்கப்பா பேர என்னங்கய்யா பரிசு விழுற லொத்தர் சீட்டு மாதிரி இழுக்குறீங்க?"

அண்ணியின் வாய்

நீலகிரிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். அண்ணி எடுத்தார். உங்கள் மாமனார் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியும் என்றார். சொல்லுங்கள் என்றேன். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன், ஆனால் அங்கே கோழி கத்துவது நன்றாகவே கேட்டது.

"மாமா பேர வாயால எப்படிங்க சொல்றது?"

இங்கே லெட்சுமியம்மா போனைப் பிடுங்காத குறைதான். "அண்ணி, சொல்லுங்க அண்ணி, ஆபத்துக்குப் பாவமில்ல" என்று கெஞ்சினார். அண்ணி அழுதாரே தவிர, சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அப்போதுதான் பேரப்பிள்ளைகளின் பெயரைப் பற்றி நோரா அம்மையார் எழுதியது ஞாபகத்துக்கு வந்தது. நம் வீடுகளிலும் இருக்கிற வழக்கத்தை ஓர் அயர்லாந்துக்காரி சொல்லித்தான் எனக்கு உறைத்தது என்பது வெட்கக்கேடுதான். உங்கள் மூத்த மகன் பெயர் என்ன என்று கேட்டேன். பெரியவன் என்றுதான் கூப்பிடுவோம் என்றார். பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் கொடுத்தீர்கள் என்றேன். மறுபடியும் கோழிச் சத்தம்.

"அதுவும் மாமா பேருதானுங்களே."

நல்ல வேளை, பெரியவன் வீட்டில் இருந்தார். அவரே போனை வாங்கினார். கருப்பசாமி. அவருடைய அப்பா இந்தியாவுக்கு வந்தபோது அதிகாரிகள் கொடுத்த பழைய கடதாசியை அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினார். அதில் தகப்பன் பெயர் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது. லெட்சுமியம்மா அதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைக்கும் முன் அந்தப் பெரியவன் சொன்னது இது: "எங்கம்மா ஒரு தடவகூட என்னையப் பேர் சொல்லித் திட்டுனதில்லைங்க. அதுக்கு எங்க தாத்தாவுக்கு ஒரு கும்புடு போடணும்."

அடுத்த கட்டம்

சான்றிதழ் திருத்தி, பாஸ்போட் கைக்கு வந்து சேர மாதங்கள் ஆயின. வாரம் தவறாமல் ஒவ்வொரு கிழமையும் லெட்சுமியம்மா வந்து, "அண்ணன் இன்னும் இருக்காங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் 'சரி சரி' என்பேன். அந்த வார்த்தை ஒரு கிழமை கேட்காமல் போய்விடுமோ என்று எனக்கும் உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது.

கடைசியில் இந்தியா விசாப் படிவத்துக்கு உட்கார்ந்தோம். தகப்பன் பெயரைப் பெரிய எழுத்தில் தட்டினேன். அடுத்த கட்டம் கணவர் பெயர். கேட்டேன். இத்தனை பாடுபட்டு ஒரு பெயரைத் தோண்டியெடுத்த லெட்சுமியம்மா, மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு நின்ற கணவர்தான் உள்ளே எட்டிப் பார்த்தார். "அவகிட்டக் கேட்டா நாளைக்கு வரைக்கும் குனிஞ்சே இருப்பா. வேலாயுதம்னு போடுங்க."

பாதி

லெட்சுமியம்மா போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். நீலகிரித் தேயிலை ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார், கொட்டகலையில் இருப்பவனுக்கு. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முதல் நாள் அண்ணனுக்கு இவரை அடையாளமே தெரியவில்லையாம். இவர்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் இவர் சோறு ஊட்டும்போது அண்ணனின் வாய் கோணிக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்ததாம். பேச்சு நின்றுபோன பிறகு பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூட அப்படி முயன்றதில்லையாம். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'லெச்சு'ன்னாங்கய்யா. மிச்சம் வரல. எனக்கு அது போதும்."

மீதி எழுத்தை யாரும் என்னிடம் தேடச் சொல்லாத பெயர், இந்தத் தொழிலில் எனக்கு அது ஒன்றுதான் வாய்த்தது.