டேம்பரை மாற்றாதே என்று சொன்ன மாறன்

மாறன் போய்விட்டான்.

காலையில் கவிதா போன் செய்தாள். மாறனின் மனைவி. அவன் போனை எடுக்காவிட்டால் நான்தான் அவளைக் கூப்பிடுவேன், அவளாக என்னைக் கூப்பிட்டதே இல்லை.

ஹார்ட் அட்டாக். குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லையாம்...

நாவலூர் ஆபீஸில் நாங்கள் ஒரே டீம். நான் கோட் எழுதுவேன், அவன் டெஸ்ட் செய்வான். அதாவது நான் செய்வதிலெல்லாம் குறை கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். அப்படிப்பட்டவன் எப்படி நண்பனானான் என்று இன்றுவரை புரியவில்லை.

அவனுடைய பழைய ஜீப்பை இங்கே நிறைய பேருக்குத் தெரியும். காடுமேட்டில் வண்டி ஓட்டும் நம் ஆஃப்ரோடு குரூப்பில் பாதிப் பேர் அதன் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்தான்.

அதைத் தூக்கி உயரமாக்கி, பெரிய டயர் போட்ட புதிதில் என்னையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் கிளம்பினான். திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அதில் ஏறி இறங்கியதும் முன்சக்கரம் இரண்டும் வெட்டி வெட்டி உதற ஆரம்பித்தன. ஸ்டீயரிங் அவன் கையைத் தூக்கி எறிகிறது. நான் கத்திய கத்தலில் வயலில் நின்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினான். இறங்கி, இடுப்பில் கை வைத்து ஜீப்பைப் பார்த்து, "இன்னா மச்சி... இதுக்கு சாமி வந்துட்ச்சி" என்றான். நான் பெண்ணென்றாலும் அவனுக்கு மச்சிதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

இந்த உதறலை ஆஃப்ரோடு ஆட்கள் 'டெத் வாபிள்' என்பார்கள். அவனுக்கு அந்தப் பெயரே ஆகாது. "சாவு கீவுன்னு சொல்லாத. ஆட்டம்னு சொல்லு. கவிதா காதுல வுழுந்துச்சின்னா வண்டிய வித்துடுவா."

குரூப்பில் எல்லாரும் ஒரே மருந்துதான் சொன்னோம். ஸ்டீயரிங் டேம்பரை மாற்று. உதறலை அமுக்கிப் பிடிக்கிற ஒரு சின்ன ஷாக் அப்சார்பர் அது. புதுசு போட்டால் தீர்ந்தது.

மாறன் கேட்கவில்லை. "அத்த மாத்துனா ஆட்டம் அடங்கிடும். நோவு உள்ளயேதான் கீது. எங்கர்ந்து வருதுன்னு பாக்காம கை வெக்கக் கூடாது மச்சி."

பார்த்தான். ஊரப்பாக்கத்தில் அவன் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க... பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து ஜீப்புக்குக் கீழே படுத்துவிட்டான். நான் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் ஆட்ட வேண்டும். அவன் கீழே ஒவ்வொரு ஜாயிண்டிலும் கை வைத்துப் பார்ப்பான்.

"ஆட்டு... ஆட்டு... ஏ, தூங்கிட்டியா? ஆட்டு!"

கவிதா டீ கொண்டுவந்தால் கீழேயிருந்து ஒரு கை மட்டும் நீளும்.

மத்தியானம் வாக்கில் ஒரு கத்தல். "மாட்டிக்கிச்சு! ஓட்டை முட்டையாட்டம் ஆயிட்ச்சி!" முன் ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடித்து வைக்கும் கம்பி இருக்கிறதே, அதன் போல்ட் ஓட்டை தேய்ந்து நீண்டுபோயிருந்தது. முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

செங்கல்பட்டில் வெல்டிங் வைத்து, புது போல்ட் போட்டு, மறுபடி அதே பாலம். ஆட்டம் இல்லை. நம்பாமல் திரும்பத் திரும்ப ஓட்டினான். பாலத்தருகே மோர் விற்ற அம்மா பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார், "இன்னாப்பா, வழி தெர்லியா?"

அந்த டேம்பரைக் கடைசிவரை மாற்றவேயில்லை.

இன்று அவன் வீட்டுக்குப் போனேன். கவிதா அழவில்லை. என்னைப் பார்த்ததும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"போன வாரத்துலேர்ந்தே தோள்பட்டை நோவுதுன்னாருக்கா. எடது பக்கம். வண்டிக்குக் கீழ படுத்துப் படுத்து புடிச்சிகிச்சின்னாரு. நான்தான் ஸ்ப்ரே அடிச்சி வுட்டேன். கொறஞ்சிட்ச்சின்னாரு..."

ஸ்ப்ரே டப்பா இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது.

ஸ்ப்ரேவாடா? நீயா? ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் கீழே படுத்து, எங்கிருந்து வருகிறது எங்கிருந்து வருகிறது என்று உயிரை எடுப்பாயே... உன் தோளுக்கு மட்டும் ஸ்ப்ரே போதுமா? ஆத்திரமாக வருகிறது மாறா. திட்டுவதற்குக்கூட நீ இல்லை.

கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நான் அத்த அடிச்சிருக்கக் கூடாதாக்கா?"

"அவன் இதுதான் காரணம்னு சொன்னா நாங்க யாரும் எதிர்த்துப் பேசுனதில்ல கவிதா. நானா இருந்தாலும் ஸ்ப்ரேதான் அடிச்சிருப்பேன்" என்றேன். அது உண்மைதான். அவளுக்குப் போதுமா, தெரியவில்லை. அப்போதுதான் அழுதாள்.

ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. வாசலில் ஜீப் வழியை மறித்து நின்றது. "யாராச்சும் எடுத்து ஓரமா வுடுங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கவிதா சாவியை என் கையில் வைத்தாள். "நீங்க எடுங்கக்கா. வேற யாரும் வாணாம்."

ஏறி உட்கார்ந்தேன். அவன் ஆறடி. நான் அவன் தோளுக்குக்கூட வர மாட்டேன். கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் லீவர் இருக்கிறது, இழுத்தால் முன்னால் வரும்.

இழுக்க மனம் வரவில்லை. அவன் கடைசியாக ஓட்டியபோது சீட் இருந்த இடம்... சீட் நுனியில் உட்கார்ந்து, காலை எட்டி எட்டி அழுத்தி, தெருமுனைவரை கொண்டுபோய் விட்டேன்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். வருகிறவர்கள் வண்டிகளை அவன் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். தனியாக நிற்கிறது.

போய் வாடா மாறா.