வீங்கிய காலுக்கு ஒரு ஷூ

என் பெரியப்பா மகள் ஸயானாவுக்கு வயது நாற்பத்தொன்று. ஓமானின் அல் ஹம்ராவில் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. இடையில் கிடைக்கும் நேரத்தில் முன்பெல்லாம் பக்கத்து வீடுகளில் உட்கார்ந்து பேரீச்சையும் காவாக் காப்பியுமாகப் பொழுதைப் போக்குவாள். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடந்தாக வேண்டும் என்று சுகாதார நிலையத்து டாக்டர் சொன்ன பிறகு அது நின்றது. ஊருக்குப் பின்னால் மலை இருக்கிறது. அதில் ஏறி நடந்தாள். நடை எப்போது ஓட்டமானது என்று கேட்டால், "ஒருநாள் நாய் துரத்துச்சு" என்பாள். வேறொரு நாள் கேட்டால் வேறு காரணம் சொல்வாள்.

போன வருடம் மலைப்பயண நிறுவனம் ஒன்று பெண் வழிகாட்டிகளைத் தேடியது. பெண்கள் மட்டுமே வரும் கூட்டங்களை அழைத்துப்போக ஆள் வேண்டும். ஸயானா பெயர் கொடுத்தாள். தேர்வு எளிமையானதுதான்: மே மாதத்தில், முதலுதவிப் பையைச் சுமந்தபடி மலை முகடு வரை ஏறி, நண்பகல் பாங்கு சொல்வதற்குள் அடிவாரத்துக்கு ஓடி இறங்கிவிட வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் அத்தோடு சரி.

முதல் வாய்ப்பு இறக்கத்தில் போயிற்று. ஏறும்போது ஒன்றுமில்லை. வெயில் ஏறிய பிறகு, இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கால்விரல்கள் ஷூவின் முனையில் போய் முட்டின. பாதி வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்க முடியவில்லை. தேர்வு நடத்திய நஸ்ரா தன் பையிலிருந்த மாற்றுச் செருப்பைக் கொடுத்து இறக்கிக் கூட்டி வந்தாள். வீட்டில் காலுறையைக் கழற்றியபோது இரண்டு பெருவிரல் நகங்களும் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன.

"நகம் முளைச்சுடும்" என்றார் அவள் கணவர் முஹன்னா மச்சான். "அந்த வேலை முளைக்குமா?"

"முளைக்கும். ஷூவ மாத்துறேன்" என்றாள் ஸயானா.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாங்கி வெகுநாளாகியும் எதற்கு மனு போடுவது என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். அவள் அந்த மலையைக் கேட்பதுபோல நான் எதையாவது கேட்டதுண்டா என்ற யோசனை அப்போது அடிக்கடி வந்தது. அதை ஒதுக்கிவிட்டு அவளுக்காக இணையத்தில் ஷூ தேட உட்கார்ந்தேன். மலைப்பாதையில் ஓடுவதற்கான ஷூக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எல்லோரும் மழையிலும் சேற்றிலும் ஓடுகிறவர்கள்.

"அக்கா, இதுதான் இருக்கிறதுலயே உசத்தியாம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகாதாம்."

"தண்ணி உள்ள வராதுன்னா என் வேர்வை எந்த வழியா வெளிய போகும்? அவங்க ஊருக்கு அது சரி. எனக்குக் காத்து வர்றதா பாரு."

வியாழக்கிழமை இரவு இஷா தொழுகை முடிந்து, பக்கத்து நகரமான நிஸ்வாவின் கடைவளாகத்துக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்போதுதான் கடைக்குப் போவார்கள். வெயிலில் எவன் வெளியே வருவான்? உள்ளே குளிர்சாதனம் பல்லைக் கிட்டிக்க வைத்தது. பழைய ஷூவை வாங்கியதும் அதே கடையில், அதே போன்ற ஒரு வியாழன் இரவில்தான். கடைக்காரப் பையன் ரோமெல், பிலிப்பைன்ஸ்காரன், நாலைந்து ஜோடி எடுத்துவந்தான். எல்லாமே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. அதுதான் ஸயானாவைக் குழப்பியது.

"போன தடவையும் இப்படித்தானே பொருந்துச்சு" என்று முணுமுணுத்தபடி விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். அது கழன்று உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. தரையில் படுத்து, கைவிட்டு எடுத்தவள், படுத்தபடியே அதைப் பார்த்தாள்.

"அக்கா, எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க."

"இது மத்தியானத்துல சோப்புப் போட்டாக்கூட கழலாதுடி. இங்க தானா விழுது. குளிர்ல விரல் சுருங்குதுன்னா கால் மட்டும் சுருங்காதா?"

எழுந்து அபாயா அங்கியைத் தட்டிக்கொண்டாள்.

"மேடம், ஷூ?" என்றான் ரோமெல்.

"சனிக்கிழமை வரேன். வெயில்ல வீங்கின கால எடுத்துட்டு வரேன்."

சனிக்கிழமை, வெயில் கொளுத்தும் நேரத்தில், கடைவளாகத்தின் கார் நிறுத்துமிடத்தைச் செருப்புக் காலோடு சுற்றிச் சுற்றி ஓடினாள். தார் இளகிக் கிடந்தது. முஹன்னா மச்சான் காரைவிட்டு இறங்கவில்லை.

காவலாளி நிழலிலிருந்து கத்தினார்: "அம்மா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"என் கால் அளவைத் தேடுறேன்!"

மச்சான் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கினார். "இந்நேரம் ஊருக்குப் போன் போயிருக்கும். ஸயானாவுக்குச் சூடு தலைக்கேறிடுச்சுன்னு."

"போகட்டும். நீங்களும் இறங்கி ஓடுங்க, தொப்பைக்காவது வழி பிறக்கும்."

கண்ணாடி மேலே ஏறிவிட்டது.

கால்கள் சிவந்து உப்பியதும், ஆறுவதற்குள் உள்ளே ஓடினாள். அன்று பொருந்திய ஷூக்களில் ஒன்றுகூட இப்போது நுழையவில்லை. வாழ்நாளெல்லாம் செருப்புப் போட்ட கால், விரல்கள் விசிறிபோல் விரிந்திருக்கும். பெண்கள் அலமாரியை விட்டுவிட்டு ஆண்கள் பக்கத்திலிருந்து முனை அகலமானவற்றை ரோமெல் எடுத்துவந்தான். அவள் ஒவ்வொன்றின் மேல்துணியிலும் வாயை வைத்து ஊதினாள். உள்ளே விட்டிருந்த என் கையில் மூச்சு படவேண்டும். முதலாவதில் படவில்லை. இரண்டாவதில் நன்றாகவே பட்டது, ஆனால் துணியின் கண்கள் பெரிது. "இதுல காத்தோட மணலும் குடிவரும்" என்று தள்ளினாள். மூன்றாவதன் நெசவு நெருக்கம், ஆனாலும் மூச்சு வந்தது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருந்தது. நிறம்தான் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு.

"இறக்கத்துல பாக்கணும்" என்று சொல்லி, அதைப் போட்டுக்கொண்டே வளாகத்தின் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினாள். பணம் கொடுக்காமல் போய்விடுவாளோ என்று ரோமெல் பெட்டியும் கையுமாகப் பின்னால் ஓடினான். கீழே போய் நின்று விரல்களை அசைத்துப் பார்த்தாள்.

"முட்டல" என்றாள். "தம்பி, இதுக்கே பில் போடு."

காரில் மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "மலையில ஆடெல்லாம் மிரளும்" என்றார். "நான் வழி தெரியாம நின்னா நீங்க கண்டுபிடிச்சுடலாம்ல" என்றாள்.

இரண்டாம் தேர்வு நாளில் நானும் மச்சானும் அடிவாரப் பள்ளிவாசல் சுவரின் நிழலில் நின்றோம். வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்திருந்தார். அவளுக்கென்று வைத்ததை அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்தார். தேர்வுக்கு ஏறிய வேறு இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். நஸ்ரா மலையைப் பார்த்தாள், பிறகு கடிகாரத்தை.

"உட்கார்ந்துட்டாளோ?" என்றார் மச்சான். இத்தனை நாள் கேலி பேசிய குரல் அதில் இல்லை.

பள்ளிவாசலுக்குள் ஒலிபெருக்கியைப் போடும் கரகரப்பு கேட்டது. பாங்கு சொல்லும் முஅத்தின் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் கடைசித் திருப்பத்தில் சரளைக் கற்கள் உருளும் சத்தம். முதுகில் பை குதிக்க, முகமெல்லாம் புழுதியாக, ஸயானா இறங்கி ஓடிவந்து நஸ்ராவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் பாங்கின் முதல் சொல் எழுந்தது.

"செமத்தியா பயமுறுத்திட்ட" என்றாள் நஸ்ரா. "செவ்வாய்க்கிழமை ஒரு கூட்டம் வருது. பதினோரு பொம்பளைங்க. நீதான் கூட்டிட்டுப் போற."

"நகம்?" என்றேன் நான்.

"எல்லாம் அதது இடத்துல இருக்கு. மோர் எங்க?"

மச்சான் காலிப் பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவள் பார்த்துவிட்டாள். திட்டத் தெம்பில்லாமல் அப்படியே சரளை மேல் மல்லாந்து படுத்தாள்.

"எழுந்திரு, தொழ ஆளுங்க வர்றாங்க" என்றார் மச்சான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வரட்டும். சுத்திப் போகச் சொல்லுங்க."

எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. வெகுநேரம் அடங்கவில்லை.