மேல்வீட்டுக்குக் கேட்ட பேச்சு

"...காத்து டியூபு கீறிக் கிடக்கு, மாத்துங்கன்னா மொதலாளி நாளைக்குங்காரு. கடலுக்கு அடியில மூச்சு நாளைக்கு வரைக்கும் நிக்குமாலே?" என்றார் சங்கு குளிக்கும் அந்தோணி அண்ணன். இப்படிப்பட்ட பேச்சுகளைப் பதிந்து வைப்பது என் ஆசை. ரெக்கார்டரில் பதிவது வைஃபை வழியாக வீட்டுக் கம்ப்யூட்டர் ஃபோல்டரில் சேரும்.

அதை இணைத்துத் தந்த கம்ப்யூட்டர் கடைக்காரர், "நம்ம வீட்டு நெட்டுதான அண்ணாச்சி, பாஸ்வேர்டு என்னத்துக்கு?" என்று ஃபோல்டரைத் திறந்தே விட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். மேல்வீட்டுக்காரருக்கும் அதே வைஃபையைக் கொடுத்திருந்தது என் புத்திக்கு எட்டவில்லை. அவர் அண்ணனின் முதலாளியிடம் வேலை பார்ப்பவர். ஃபோல்டர் அவர் கம்ப்யூட்டரிலும் தெரிந்திருக்கிறது. கேட்ட பதிவை அப்படியே முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மறுநாள் அண்ணனைப் படகில் ஏற்றவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. போய்க் கேட்டால், "தொறந்து கிடந்துச்சு, கேட்டேன்" என்று சிரிக்கிறார். வாசல் திறந்திருந்தால் அடுப்படி வரைக்கும் வருவாரா?

இப்போது ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு உண்டு. மேல்வீட்டுக்கு வைஃபை கிடையாது. யார் பேச்சையும் பதியும் முன், அது எங்கே போய்ச் சேரும் என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, "அழிச்சிரவா?" என்றேன். அவர் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்து, "ஆன் பண்ணுலே" என்றார். முதலாளி பேரையும் சேர்த்து முதலிலிருந்து சொன்னார்.