ஏழரை மணிக்கு ஓடிய வாழ்த்து

வயதாகிவிட்டதென்று நானும் என் வீட்டுக்காரரும் கல்யாண மண்டபத்து வேலையை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதும் முகூர்த்த நாளென்றால் எனக்கு விடிவதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்ய? சேலம் அஸ்தம்பட்டி வீட்டு வாசலில் நின்று, மாலை கட்டிப் போகிற கார்களைப் பார்த்துக் கொண்டிருக்கிறேன். அந்தக் காலைகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

கல்யாணங்களில் நான் கேமரா பிடிப்பேன். என் வீட்டுக்காரர் லேப்டாப்பில் உட்கார்ந்து நேரலை விடுவார். இடையில் போடும் பாட்டு, வாழ்த்து வீடியோ எல்லாம் அவர் பொறுப்பு. மாலை கழுத்தில் விழும் நொடிக்குச் சரியாகப் பாட்டு வரும். அப்படி ஒரு கை. எனக்கு அதில் கர்வமே உண்டு.

வேலையை விடுவதற்குச் சில வருடம் முன்பு, அந்தக் கையைத்தான் பக்கவாதம் அடித்துப் போட்டது. பேச்சும் குழறியது. வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளறைக்குப் போய்விடுவார். எட்டு மாதம் வெளி ஆட்களிடம் ஒரு சொல் பேசவில்லை. "இனி நான் எதுக்கும் ஆகமாட்டேன் புள்ள" என்பார். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வரும். பிறவிக் குணம்.

மகள்தான் ஒரு ஏஐ உதவியாளரை நேரலை மென்பொருளோடு இணைத்துக் கொடுத்தாள். இத்துனூண்டு பட்டன்களைத் தேடி மவுசைப் பிடித்துப் போராட வேண்டாம். 'வாழ்த்தைப் போடு', 'நிறுத்தி வை', 'முதலிலிருந்து போடு' என்று தமிழில் எழுதினால் போதும், அது செய்துவிடும். இடது கை ஒற்றை விரலால் ஒரு வாரம் பழகினார். ஒவ்வொரு தடவையும் 'போடு சாமி' என்றுதான் எழுதுவார். "மிசினுக்கு என்னங்க சாமி?" என்று கேட்டால், "வேலை செய்யுதல்லோ" என்பார்.

அதற்குப் பிறகு முதல் வேலை திருச்செங்கோட்டில். "இதுல சொதப்புனா இனி லேப்டாப்பைத் தொடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். இந்த மாப்பிள்ளையின் ஒரே அக்கா வெளிநாட்டில் நிறைமாதம். வர வழியில்லை. அவளுக்குப் பதில் பெரியப்பா மகள் நிற்க, அக்கா பேசி அனுப்பிய வாழ்த்து அந்த நேரத்தில் மண்டபத்துத் திரையிலும் நேரலையிலும் ஓட வேண்டும். அவளும் அங்கிருந்து பார்த்துக் கொண்டிருப்பாள்.

சமயத்தில் விரல் தடுமாறிவிடுமோ என்று இவருக்குப் பயம். என்ன செய்தார்? வீட்டார் கொடுத்த தாளில் இணைச்சீர் காலை ஏழரை மணி என்றிருந்ததைப் பார்த்து, 'ஏழரைக்குப் போட்டுவிடு சாமி' என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். அட கடவுளே! எங்கள் ஊர்க் கல்யாணம் என்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்தது? தாய்மாமன் வந்து சேராமல் மேடையில் ஒன்றும் நகராது. அவர் கார் மேட்டூரிலிருந்து வந்து கொண்டிருந்தது.

ஏழரைக்குக் காலி மேடையின் திரையில் அக்கா முகம் வந்தது. பாதிச் சனம் பந்தியில். மாப்பிள்ளை அறையில் வேட்டி கட்டிக் கொண்டிருந்தான். இவர் பதறியடித்து எழுத்துகளைத் தேடித் தட்டுவதற்குள் வீடியோவே முடிந்துவிட்டது. லேப்டாப்பை மூடப்போனார். கண் நிறைந்திருந்தது. "போலாம் புள்ள."

"எந்திரிச்சீங்கன்னா பாருங்க, கேமராவை இங்கயே போட்டுட்டு நானும் வந்துருவேன்! அந்த அக்கா புள்ள வெளிநாட்டுல காத்துட்டு உக்காந்திருக்குது. மாமன் வரட்டும், நீங்களே பார்த்துப் போடுங்க" என்று கத்தினேன். மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

எட்டேகாலுக்கு மாமன் வந்தார். இவர் 'முதலிலிருந்து போடு சாமி' என்று எழுதி, அனுப்பாமல் மேடையையே பார்த்துக் கொண்டிருந்தார். பெரியப்பா மகள் கூறைப்புடவைக் கூடையோடு மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றாள். நின்ற அதே நொடியில் திரையில் அக்கா வந்தாள். "சின்னதுல என்ற பாவாடையப் புடிச்சுட்டேதான சுத்துவ. இன்னைக்கு நான் பக்கத்துல இல்லீன்னு..." அவ்வளவுதான். மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு உடைந்துவிட்டான்.

சட்டென்று வீடியோ நின்றது. போச்சு, சிக்கிக்கொண்டது என்று பல்லைக் கடித்துத் திரும்பினேன். இவர் இடது கையை உயர்த்தி, பொறு என்று காட்டினார். கையோடு எழுதி வைத்திருந்த 'நிறுத்தி வை'யை அவர்தான் தட்டிவிட்டிருக்கிறார். அக்கா முகம் தம்பியைப் பார்த்தபடி திரையில் அப்படியே இருந்தது. மாமன் துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். அவன் நிமிர்ந்து திரையைப் பார்த்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து மீதிப் பேச்சு ஓடியது.

சீர் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஃபோனை என்னிடம் நீட்டினார். வெளிநாட்டிலிருந்து அந்த அக்கா. "ஏனுங்கக்கா, என்ற தம்பி அழுது முடிக்கற வரைக்கும் என்னைய அவன் முன்னாடியே நிக்க வெச்சீங்களே, அது யாருங்க பண்ணுனது?"

மிசின் என்று சொல்லியிருக்கலாம். "அவர்கிட்டயே கேளுங்க" என்று ஃபோனை இவர் காதில் வைத்தேன். என்னை முறைத்தார். உதடு இரண்டு முறை கோணியது. எட்டு மாதத்துக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம், குழறிக் குழறி என் வீட்டுக்காரர் சொன்னார்:

"நாந்தானுங்க."