ஆறாம் நம்பர் மலையில் குதிரை

விடுமுறைக்கு இலங்கை என்று முடிவானதும் எந்த நாள் எங்கே என்பதை வழக்கம்போல் நான்தான் வகுத்தேன். கோயம்புத்தூர்க்காரரான என் கணவருக்கும் மகளுக்கும் அது வெளிநாடு. எனக்குப் பிறந்த மண். முதல் இரண்டு நாள் எல்ல என்ற மலையூரில் ஓய்வு, மூன்றாம் நாள் காலை தேயிலைத் தோட்டங்களுக்குள் குதிரைச் சவாரி, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடு. பெரியப்பா மகளான அந்த அக்கா நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே இன்னும் கொழுந்து பறிக்கிறாள்.

தொலைபேசியில் அவள் சொன்னது ஒன்றுதான். "ஊருக்கு வந்தா மொத வாய்த் தண்ணி எங்க வீட்டுல. அப்புறம் எங்க வேணும்னாலும் போ." சரி என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் மற்ற நாட்களில் அவளுக்கு வேலை. ஞாயிறு என்றால் நிதானமாக உட்கார்ந்து பேசலாம் என்று எனக்குப் பட்டது. அதனால் நாங்கள் வந்து சேரும் நாளை அவளிடம் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் பிழை இருப்பதாக அப்போது நான் நினைக்கவில்லை.

எங்களைக் கூட்டிச் சென்றவர் பண்டாரவளைக்காரர், ஐம்பது வயதிருக்கும். முன்னால் அவர் நடந்தார். அடுத்து என் குதிரை, பிறகு மகள், கடைசியில் கணவர். குதிரைமேல் உட்கார்வது நான் எண்ணியதைவிட எளிதாக இருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டால் போதும்.

"அம்மா, அப்பா ரெண்டு கையாலயும் சேணத்தைப் புடிச்சிட்டிருக்காரு."

"நீ முன்னாடி பாத்து ஓட்டு" என்றார் கணவர்.

சவாரி நிறுவனத்தார் கொடுத்த வரைபடத்தில் அந்த வழிக்கு மூடுபனிப் பாதை என்று பெயர். தோட்டத்தில் பிறந்தவர்கள் எந்த மலையையும் அப்படி அழைப்பதில்லை. எங்களுக்கு எல்லாம் நம்பர்தான். அதனால் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்றைக் கடந்து, அதில் சிறுவயதில் பார்த்த அதே ஆறு என்ற எண்ணைப் பார்க்கும்வரை, எங்கள் தோட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டோம் என்பது எனக்குத் தெரியவில்லை.

கல்லைத் தாண்டிச் சிறிது தூரம் இறங்கியதும் கீழிருந்து பெண்கள் கொழுந்து மூட்டைகளைத் தலையில் வைத்து ஏறி வந்தார்கள். ஒருபுறம் சரிவு, மறுபுறம் மழைநீர் ஓடும் கான். பாதையில் ஒரு குதிரைக்குத்தான் இடம். தலையில் சுமையோடு வருகிறவர்களுக்கு வழிவிடுவது தோட்டத்து வழக்கம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைகூட கானில் இறங்கி நிற்பார்.

"கொஞ்சம் ஒதுங்கிக்கங்கம்மா" என்றார் பண்டாரவளைக்காரர்.

முதலில் வந்தவள் ஒதுங்கவில்லை. மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அக்கா.

"யாரு, துரைச்சாணியா? எப்ப வந்தீங்க?"

எங்கள் மலைநாட்டில் குதிரைமேல் வந்தவர்கள் தோட்டத்துத் துரைமாரும் அவர்கள் மனைவிமாரும்தான்.

"முந்தாநேத்து, அக்கா."

"முந்தாநேத்தா."

பின்னால் நின்றவள் கேட்டாள். "யாருக்கா இது?"

"எங்க சித்தப்பா மக. வீட்டுல வந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்க நேரமில்ல. குதிர ஏற நேரமிருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. இப்படியே அவளைத் தாண்டிப் போனால், ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் எனக்கு நாற்காலி போட்டுப் பிஸ்கட் தட்டு நீட்டுவார்கள், விருந்தாளிக்குச் செய்வதுபோல். அதன் பிறகு அவளுக்கு நான் தங்கச்சி இல்லை.

"குதிரையைப் பிடிச்சுக்கங்க, நான் எறங்கணும்" என்றேன்.

"நடு வழியில எறங்கக் கூடாதும்மா."

"பிடிச்சுக்கங்க."

இறங்கினேன். கானில் ஒரு காலும் பாதையில் ஒரு காலுமாக நின்று, அவள் மூட்டைக்குக் கை நீட்டினேன்.

"விடு. நீ சொமந்து எத்தன காலமாச்சு? கழுத்து சுளுக்கிக்கும்."

"அப்ப குதிர சொமக்கட்டும்."

பண்டாரவளைக்காரர் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கொழுந்து ஏத்துனதே இல்ல. சாதுதான். மெதுவாப் போனா பரவாயில்ல."

கல்லுக்குப் பக்கத்தில் பாதை சற்று அகலம். மூன்று குதிரைகளையும் அதுவரை பின்னுக்கு நடத்தித் திருப்பினோம். மகளும் கணவரும் இறங்கிக்கொண்டார்கள். கணவருக்கு அதில் வருத்தமில்லை. அக்காவின் மூட்டையைச் சேணத்தில் வைத்துக் கட்டினோம். மற்ற பெண்கள் முன்னால் போக, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் குதிரையை நான் பிடித்து நடந்தேன். வழியில் அக்கா மகளிடம் மட்டும் என்ன படிக்கிறாய் என்று கேட்டாள்.

மடுவத்தில் கணக்கப்பிள்ளை தராசை விட்டு எழுந்து வந்தார். "இதுக்கும் பேரு போடணுமா?"

"குதிரைக்கு வேணாங்க. இந்தா நிக்கிறாளே, இவளுக்கு அரைப்பேரு போடுங்க. லேட்டா வந்திருக்கா."

அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. பிந்தி வந்தாலும் வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டுமே அது விழும். அக்காவின் வாயோரம் இப்போது லேசாகச் சிரிப்பு இருந்தது.

"மிச்ச வழி போறீங்களா? நீர்வீழ்ச்சி இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றார் பண்டாரவளைக்காரர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கொழுந்தைக் கொட்டிய வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு வேல முடிய சாயந்தரமாயிரும். சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. போயி அடுப்பப் பத்த வச்சு ஒல வையி. அரிசி எங்க இருக்கும்னு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றேன்.

குதிரைகளை அங்கேயே ஒப்படைத்துவிட்டு மூன்று பேரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்தோம். அரிசி வாளி பழைய இடத்தில்தான் இருந்தது.