கிம்ச்சிக்குக் கடுகு தாளித்தேன்

போன தீபாவளி முடிந்த வாரம், மலாக்கா புக்கிட் காத்திலில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவளைப் பற்றியும் வரும். அதையும் விடாமல் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் பேத்தி, அதாவது இந்த மருமகள் பெற்ற மகள், கூட வேலை செய்யும் கொரியாக்காரப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையனின் அம்மா எங்கள் குடும்பத்தைப் பார்க்க வந்து மூன்று நாள் தங்கினார். பையனுக்கு லீவு இல்லை, பேத்திதான் கூட்டிவந்தாள்; அவளுக்குக் கொஞ்சம் கொரியா பாஷையும் தெரியும். அந்த அம்மா தலையாட்டினால்தான் கல்யாணம்.

மருமகள் ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழி, பாயசம் என்று மேசையை நிரப்பினாள். சம்பந்தியம்மா வெறும் சோற்றையும் வெள்ளரிக்காயையும் தின்றுவிட்டுப் புன்னகை செய்தார். பிறகு சோபாவில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு தட்டைக் கழுவ எடுத்தால்கூட மருமகள் ஓடிப்போய்ப் பிடுங்கிவிடுவாள். மறுநாளும் அதே சோபா, அதே வெள்ளரிக்காய்.

பேத்தி அடுப்படிக்கு வந்து கண்ணைக் கசக்கினாள். "அவங்களுக்கு நம்ம வீடே பிடிக்கல பாட்டி. ஊருக்குப் போயி வேணாம்னு சொல்லிடுவாங்க."

"அழாதடி. நாளைக்கு நான் ஆக்குறேன், கொரியா சாப்பாடு."

"சும்மா இருங்க லா அத்தை! நீங்க எங்க கொரியாவக் கண்டீங்க?" என்றாள் மருமகள்.

"தினம் டிவியில பாக்குறேன்ல. நீ கீழ ஓடுற எழுத்தப் படிப்ப. நான் அவங்க கையப் பார்ப்பேன்."

உண்மைதான். அந்தக் கொரியா நாடகங்களில் மாமியார்க்காரி எத்தனை அழுதாலும், கிம்ச்சி என்கிற ஊறுகாய்க்குக் கோசில் மசாலா தடவுவதை நிறுத்த மாட்டாள். நானும் ஜாசின் தோட்டத்தில் கல்யாணத்துக்கெல்லாம் ஆக்கிப்போட்டவள். ஒரு கோசுக்கா பயப்படுவேன்? காலையில் பாசாரில் நீளமான சீனக் கோசு இரண்டு வாங்கி, ஒன்றை நறுக்கி உப்பில் போட்டேன். வற்றல் மிளகாயைக் கொரகொரப்பாக இடித்தேன். இஞ்சி, பூண்டு தட்டினேன். அவர்கள் உப்பில் ஊறிய பொடி இறால் ஒன்று போடுவார்கள். அது நம்ம ஊர்ச் சிஞ்சாலோக்கேதான்! மலாக்காவில் அதற்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு போத்தலே கொடுத்தார். கூடவே அந்த நாடகத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று அரை மணி நேரம் கதையும் சொன்னார்.

பிசைந்து முடித்தபோது அச்சு அசல் டிவியில் வருவது மாதிரியே இருந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஊறுகாய் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு, சொய்யென்று கிம்ச்சியின் தலையில் ஊற்றிவிட்டேன்.

"போச்சு அத்தை!" மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வேறு செய்ய நேரமில்லை. அதையே வைத்தோம். சம்பந்தியம்மா ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். ஒரு கடுகை விரலில் எடுத்து உற்றுப் பார்த்தார். சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பேத்திக்கு முகமே வெளுத்துப்போனது.

அவர் நேரே அடுப்படிக்குத்தான் போனார். சட்டைக் கையைச் சுருட்டி, கத்தியை எடுத்து, மிச்சமிருந்த கோசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் படபடவென்று ஏதோ பேசினார்.

"என்னடி சொல்றாங்க?"

பேத்திக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்களாம். எண்ணெயக் காய்ச்சி ஊத்தச் சொன்னது யாருன்னு கேக்குறாங்க. தள்ளி நில்லுங்க, நான் காட்டுறேன்றாங்க."

மருமகள் வழக்கம்போல் கத்தியைப் பிடுங்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா. ரெண்டு நாளா சிலை மாதிரி உக்கார வச்சிட்டோம். இப்பத்தான் வீட்டுக்குள்ள வந்திருக்காங்க."

சிஞ்சாலோக் போத்தலைத் திறந்து முகர்ந்து சந்தோஷத்தில் அவர் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு தின்றார். என் கிம்ச்சியையும் மிச்சம் வைக்கவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. போன வாரம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது தன் அடுப்பைக் காட்டினார். கொரியாவில் ஒரு சட்டியில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. என் கிம்ச்சி மட்டும் ஒழுங்காக வந்திருந்தால் அவர் மரியாதைக்குத் தின்றுவிட்டு, மறுபடியும் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருப்பார். அதனால் இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும், தட்டை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கத்தியையும் நாலு வெங்காயத்தையும் நீட்டுகிறேன்.