அழுக்கே படாத பச்சைச் சீருடை

பஸ் ஓட்டுகிற அவளுக்கு டிப்போவில் ‘கண்ணாடி’ என்று பெயர். அவள் மூக்குக் கண்ணாடி போடுகிறவள் அல்ல. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே தொங்கும் நீளக் கண்ணாடியில் அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடக்காது, அதனால் வந்த பெயர். கடைசி வரிசையில் யாராவது காலைத் தூக்கி எதிர் இருக்கையில் வைத்தால் போதும், முன்னாலிருந்து குரல் வரும்: “சார், அந்தக் காலுக்குத் தனியா டிக்கெட் எடுத்தீங்களா?” பஸ்ஸே சிரிக்கும். கால் தானாக இறங்கும்.

இத்தனை கெட்டிக்காரிக்குத் தன் வீட்டில் நடந்தது மட்டும் ஒரு வருஷம் போலத் தெரியாமலே போயிற்று.

அவள் வீட்டுக்காரர் சாவிக்காரர். நகரத்தின் நெரிசலான தெரு ஒன்றில், மாடிப்படிக்கு அடியில் சாவி செய்யும் கடை. ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்கத்தான் முடியும். எப்பேர்ப்பட்ட பூட்டையும் திறந்துவிடுவார், வீட்டுக்காரி எதிரில் வாயை மட்டும் திறக்கமாட்டார் என்று தெருவில் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டே அறைகளில் குடும்பம் இருந்தது. மூத்தவள் பெண், அடுத்தது பையன்.

மூத்தவளுக்குத் தெருதான் கூடம். கீழே போய் ரொட்டி வாங்கி வா என்று அனுப்பினால் சீக்கிரத்தில் திரும்பமாட்டாள். தையல்கடை அத்தையிடம் ஒரு வார்த்தை, பேக்கரிக்காரரிடம் ஒரு வம்பு, பள்ளித் தோழி வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று ஒரு கத்தல் என்று எல்லாம் முடிந்துதான் ரொட்டி மேலே வரும். பள்ளிக்கூடமும் தெருவைத் திரும்பினால் வந்துவிடும்.

சின்னவன் கதை வேறு. பிறந்ததிலிருந்தே இழுப்பு. ஜன்னலைத் திறந்தால் புகை, சாத்தினால் புழுக்கம். இரவில் அவன் நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டே அவள் விழித்திருப்பாள். “நல்ல காத்து இருக்கிற இடமாப் பாருங்கம்மா. மருந்து பாதிதான் செய்யும்” என்றார் டாக்டர்.

நல்ல காற்று எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். முன்பு புறநகர் வழித்தடத்தில் பஸ் ஓட்டியவள். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, எதிரே வரிசையாக இருந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிப்பாள். வீட்டுக்கு வீடு சின்னதாக ஒரு கேட், ஒரு மரம், துணி காயப்போட ஒரு முற்றம். அங்கே ஒரு வீடு வாடகைக்கு வந்ததும் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனாள். சின்னவன் முற்றத்தைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடி, மூச்சு வாங்காமல் வந்து நின்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூத்தவள் மட்டும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். “எனக்கு வேணாம்மா.”

“தம்பி மூச்சு விடுறதப் பாருடி.”

அதற்கு மேல் பேச்சு இல்லை. சாவிக்காரர் வழக்கம்போல “நீ சொன்னா சரிதான்” என்றார். குடி பெயர்ந்தார்கள்.

அவளுக்கு விடியற்காலை ஷிஃப்ட். எல்லோரும் தூக்கத்தில் இருக்கும்போதே கிளம்பி, சின்னவன் பள்ளிவிட்டு வருவதற்குள் திரும்பிவிடுவாள். அதனால் மூத்தவளைப் புதுப் பள்ளியில் சேர்க்கும் வேலை அவள் அப்பா தலையில் விழுந்தது. சேர்த்தாயிற்று என்றார். பச்சைச் சீருடை தைத்தாயிற்று. சாயங்காலம் பள்ளி முடிந்ததும் ரயில் நிலையத்துப் பக்கத்து நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பாள், கடையைப் பூட்டிவிட்டு ரயிலில் வரும்போது கூடவே அழைத்து வந்துவிடுகிறேன் என்றார். பெற்றோர் கூட்டத்துக்கும் அவரே போய் வந்தார். பொறுப்பான மனுஷன் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

விடுமுறை நாளில் அந்தப் பச்சைச் சீருடையைத் துவைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். வாரம் முழுக்கப் போட்ட சட்டை, காலரில் ஒரு கோடு அழுக்கு இருக்காது. நகரத்தில் இருந்தபோது பிரஷ் தேயத் தேய்ப்பாள். டிப்போவில் எல்லோரிடமும் சொல்லுவாள்: “காத்துன்னா அதான் காத்து. என் பொண்ணு சட்டையைக் காட்டறேன், வந்து பாருங்க.”

இப்படி இருக்கையில் ஒரு நாள், பழைய வழித்தடத்தின் ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்று மதிய நடையை அவளை ஓட்டச் சொன்னார்கள். தெரிந்த ரோடு, தெரிந்த திருப்பம். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள். பழைய தெரு முனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள். அரை நாள் விடுமுறை போலிருக்கிறது என்று நினைத்து, ஓரங்கட்டிக் கதவைத் திறந்தாள்.

முதலில் கேட்டது ஒரு சிரிப்பு. யாரோ ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். எங்கேயோ கேட்ட சிரிப்பாக இருக்கிறதே என்று நினைத்தாள். வீடு மாறிய பிறகு அந்தச் சிரிப்பைத் தான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை என்பது அப்போது அவள் புத்தியில் ஏறவில்லை.

சிரித்தவள் தோழிக்குக் கையசைத்துவிட்டுப் படியேறினாள். பழைய பள்ளியின் சாம்பல் நிறப் பாவாடை, நீலக் கரை. பயண அட்டையை எந்திரத்தில் வைத்தாள். ‘பீப்’ என்றது. நிமிர்ந்தாள்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

தன் பெண் போலவே ஒரு பெண் என்றுதான் மூளை முதலில் சொன்னது. நெற்றியில் கொசு கடித்த தடிப்பு. நேற்றுச் சாயங்காலம் அவளே மருந்து தடவிய தடிப்பு. வேறு யாரும் இல்லை.

“நடுவுல நிக்காதேம்மா, உள்ள போ” என்று பின்னால் ஏறிய பெரியவர் அதட்டினார்.

“உள்ள போ” என்றாள் அவளும். அந்த இரண்டு சொல்தான் வந்தது. அதுவும் யாருடைய குரலோ போல வந்தது.

கதவு சாத்தியது. வண்டி நகர்ந்தது. கை தானாகக் கியர் மாற்றியது, கால் தானாக மிதித்தது. விளக்கு பச்சைக்கு மாறியும் நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு நிறுத்தத்தை அப்படியே தாண்டிவிட்டாள். “ஸ்டாப்பு! ஸ்டாப்பு! தூங்கறியாம்மா?” என்று நாலு பேர் கத்தினார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். மகள் நடு வரிசையில், பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடிவிடுவாளோ என்று கதவையே பார்த்தாள். பெண் இறங்கவில்லை. கூட்டம் குறைந்துகொண்டே வந்து, கடைசி நிறுத்தத்தில் அம்மாவும் மகளும்தான் மிச்சம்.

என்ஜினை அணைத்தாள். திரும்பாமலே கேட்டாள். “புது ஸ்கூல்ல இன்னிக்கு லீவா?”

“தெரியலம்மா.”

“தெரியலன்னா?”

“நான் அங்க படிக்கல. பழைய ஸ்கூல்லதான் இருக்கேன். மாறவே இல்ல.”

“அப்போ அந்தப் பச்சை யூனிஃபார்ம்?”

“அது வீட்லேர்ந்து அப்பா கடை வரைக்கும். அங்க போய் மாத்திப்பேன். ஸ்கூல் சீக்கிரம் விட்டா பச்சையைப் பையில எடுத்துட்டு வந்து லைப்ரரில மாத்திப்பேன்.”

காலர் அழுக்காகாத ரகசியம் அவள் தலையில் இடியாக விழுந்தது. டிப்போ முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டாளே, அந்தக் காற்று!

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே. வீடு பார்க்கப் போன அன்னிக்கே வேணாம்னு சொன்னேன். தம்பி மூச்சு விடுறதப் பாருன்னு சொன்னே. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? அவன் மூச்சு விட வேணாம்னா சொல்ல முடியும்?”

இதைச் சொல்லும்போது பெண் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து அந்த நிறுத்தத்து டைம்கீப்பர் அண்ணன் பஸ் ஜன்னலில் தலையை நீட்டினார். “என்ன பாப்பா, இன்னிக்கு அம்மா வண்டியே கிடைச்சுடுச்சா?”

“உங்களுக்கு இவ வர்றது தெரியுமாண்ணே?”

“ஸ்கூல் சீக்கிரம் விட்டா இந்த பஸ்லதானே வரும்? ஏம்மா, உனக்குத் தெரியாதா?” அவர் முகம் சட்டென்று மாறியது. தலையை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மகளை வீட்டுக்கு நடக்கச் சொல்லிவிட்டு, திரும்பும் நடைக்கு ஏறி உட்கார்ந்திருந்தவர்களுக்காக வண்டியை எடுத்தாள். திரும்ப நகரம் வரைக்கும் எப்படி ஓட்டினாள் என்று கேட்டால் இன்றும் அவளால் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் சாவிக்காரர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மகள் போனில் சொல்லியிருப்பாள். ஊர் முழுக்கச் சாவி செய்து கொடுக்கிற மனுஷன், தன் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திருடன் மாதிரி நின்றார். அவள்தான் போய்த் திறந்தாள்.

“உள்ள வாங்க. ரோட்டுல நின்னு பேசற விஷயமா இது?”

அவர் உட்காரவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சேர்க்கத்தான் போனேன். சத்தியமா சேர்க்கத்தான் போனேன். புது ஸ்கூல் கேட்டுப் பக்கத்துல போனதும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. கை ஜில்லுனு இருந்துச்சு. மூச்சு வாங்குது. நம்ம சின்னவனுக்கு வாங்குமே, அதே மாதிரி.”

“யாருக்கு? இவளுக்கா?”

“ஆமா. டாக்டர்கிட்ட போலாம்னேன். ‘வீட்டுக்குப் போலாம்ப்பா’ன்னா. எந்த வீடும்மான்னு கேட்டேன், கம்பிய இன்னும் இறுக்கிப் பிடிச்சா. கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்ம தெரு முனை திரும்பினதும் சரியாயிடுச்சு. நாளைக்கு உங்கிட்ட சொல்லலாம்னு நெனச்சேன். நாளைக்கு நாளைக்குன்னே போயிடுச்சு.”

ஒரு பிள்ளையின் மூச்சை ராத்திரி முழுக்கக் கேட்டவள், இன்னொன்றின் மூச்சு முட்டியது தெரியாமல் இருந்திருக்கிறாள்.

“எங்கிட்ட சொல்ல என்ன பயம்? நான் என்ன புலியா?”

“புலின்னா ஓடிடலாம்” என்றார் அவர் மெல்ல. “நீ சொல்றது எப்பவும் சரியா இருக்கும். சரியாவே பேசறவங்ககிட்ட என்னத்தப் பேசறது?”

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவளிடம் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியதில்லை. உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவனைக் கூப்பிட்டு, “நீயாவது உன் அக்கா என்ன பண்றான்னு பாத்திருக்கக் கூடாதாடா?” என்றாள்.

“எனக்குத் தெரியும்மா” என்றான் அவன். “அக்கா பையில ஒருநாள் சாம்பல் யூனிஃபார்ம் பார்த்தேன். சொன்னா நீ பழைய வீட்டுக்கே போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

ஆக, வீட்டில் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பழைய பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே வரவேற்றார். “இப்பதான் வழி தெரிஞ்சுதா? பேச்சுப் போட்டியில உங்க பொண்ணு என்னமாப் பேசினா! உங்க வீட்டுக்காரர் முன்வரிசையில உக்காந்து கண்ணத் தொடச்சுக்கிட்டே கைதட்டினார். நீங்க டியூட்டின்னு சொன்னாரு.” அவள் என்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டு வெளியே வந்தாள்.

கடைக்குப் போனாள். பின்பக்கச் சுவரில், தொங்கும் சாவிக் கொத்துகளுக்கு நடுவே, சாம்பல் சீருடை ஒன்று ஈரம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் தன் கைக்குட்டையைக்கூடத் துவைக்காத மனுஷன், கடைக் குழாயில் உட்கார்ந்து பெண்ணின் துணியைத் துவைத்திருக்கிறார். காலர் நூல் விட்டிருந்தது. அவ்வளவு தேய்த்திருக்கிறார்.

கோபம் அதற்காக உடனே போய்விடவில்லை. பல நாள் அவரோடு பேசவில்லை. பொய் பொய்தானே. இத்தனை மாதம் மூன்று பேரும் சேர்ந்து தன்னைச் சுற்றி நடமாடியதை நினைத்தால் ராத்திரி திடுக்கென்று விழித்துக்கொள்வாள். ஆனால் யாரையும் பள்ளி மாற்றச் சொல்லவில்லை. மகள் சாம்பல் சீருடையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினாள். அழுக்கான காலரை அம்மாவே துவைத்தாள்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள் நான்கு பேரும் உட்கார்ந்ததும் பிள்ளைகளைப் பார்த்து, “எங்க இருக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. நான் பேசமாட்டேன்” என்றாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நடுவில் இரண்டு தடவை வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் சண்டை போட்டார்கள், அழுதார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம், பஸ் போகிற வழியிலேயே, நகரத்துக்கும் புறநகருக்கும் நடுவில் ஒரு வீடு பார்த்தார்கள். பெரிய பூங்கா ஒன்றின் பின்பக்கம். டாக்டரும் பரவாயில்லை என்றார்.

குடிபோன அன்று தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் கேட்டாள்: “யாருக்கு என்ன குறை, இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் முதுகுக்குப் பின்னால வேணாம்.”

கடைத்தெரு தூரம் என்றாள் மூத்தவள். முற்றம் இல்லை என்றான் சின்னவன். சாவிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“நீங்க?”

“எனக்கு...” என்று இழுத்தார். “எனக்கு அந்தக் கடைசி ஸ்டாப்பு வீடுதான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. மரத்தடியில காத்தாட உக்காந்தா சொர்க்கமா இருக்கும்.”

மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அவளுக்கு எடுத்த கவளம் பாதியில் நின்றது.

“அடப்பாவி மனுஷா! இத இவ்வளவு நாளா ஏங்க சொல்லல?”

“நீ கேக்கலியே” என்றார் அவர்.